காதை உறுத்தும் சொற்கள்: வாசகர் கேள்வி – பதில்

அன்றாடப் பேச்சிலும் எழுத்திலும் தங்களை உறுத்தும் சொற்களையும், பொழுதுபோக்கு உலகத்திலிருந்து வந்து எரிச்சலூட்டும் போக்குகளையும் எழுதி அனுப்புமாறு வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பல ஒரே குறையைப் பேசியதால், அவற்றை இணைத்துச் சில கேள்விகளாக்கி இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: திரைப்படம், விளையாட்டு, பாட்டு, பிறந்த குழந்தையின் படம் என எதுவானாலும் ‘வேற லெவல்’ என்று சொல்லிப் பாராட்டை முடித்துவிடுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. இது என் வயதின் கோளாறா, அல்லது எரிச்சலுக்கு நியாயம் உண்டா?

பதில்: நியாயம் உண்டு. ஆனால் சொல் புதியது என்பதற்காகவோ, அதில் பாதி ஆங்கிலம் என்பதற்காகவோ எரிச்சல்பட வேண்டியதில்லை. வியப்பைச் சொல்ல ஒவ்வொரு தலைமுறையும் தனக்கென்று ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறது. ‘அட்டகாசம்’ வடமொழியில் உரத்த சிரிப்பைக் குறித்த சொல். தமிழுக்கு வந்து அடாவடியைக் குறித்தது. பிறகு பாராட்டாகவும் மாறிவிட்டது. அச்சத்தைக் குறிக்கும் ‘பயங்கரம்’ என்ற சொல்லை அழகுக்கும் சுவைக்கும் அடைமொழியாக்கிப் பேசுகிறவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். எதிர்த்திசையில் போன சொற்களும் உண்டு. ‘கற்பூரம் நாறுமோ’ என்று ஆண்டாள் பாடியபோது ‘நாறுதல்’ நறுமணத்தைக் குறித்தது. இன்று அச்சொல்லை மணத்துக்குச் சொன்னால் சண்டைதான் வரும். ஆகவே சொல் பொருள் மாறுவதும், புதிய சொல் புகுவதும் குற்றமல்ல.

குற்றம் வேறோர் இடத்தில் இருக்கிறது. ஒருவரைப் பாராட்டுகிறோம் என்றால், அவர் செய்ததை நாம் கவனித்திருக்கிறோம் என்று அவருக்குச் சொல்கிறோம். பாடியவருக்கு, தாம் எந்த அடியில் குரலைத் தாழ்த்தியது கேட்டவரின் நெஞ்சைத் தொட்டது என்று தெரிய வேண்டும்; எழுதியவருக்கு, எந்த வரியில் வாசகர் நின்றார் என்று தெரிய வேண்டும். பாட்டுக்கும் பந்தாட்டத்துக்கும் குழந்தையின் சிரிப்புக்கும் ஒன்றுபோலப் பொருந்துகிற சொல், அவற்றில் எதைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை. ‘மாஸ்’, ‘கெத்து’, ‘தரமான சம்பவம்’ ஆகியவற்றின் கதையும் இதுவே. இதில் ‘சம்பவம்’ படும் பாடு எனக்குக் குறிப்பாக வருத்தம் தருகிறது. நடந்த ஒன்றை விருப்பு வெறுப்பின்றிக் குறிக்கப் பயன்பட்ட நடுநிலையான சொல், இன்று அடிதடிக்கும் சாதனைக்கும் ஒரே பெயராகிவிட்டது.

இச்சொற்கள் பரவும் வழியையும் கவனிக்க வேண்டும். நண்பர்கள் கூட்டத்தில் பிறக்கும் சொல்லைத் திரைப்பட வசனம் எடுத்துக்கொள்கிறது. அந்த வசனத்தை மீம் ஆக்கிப் பகிர்கிறார்கள். தொலைக்காட்சித் தொகுப்பாளர் அதைத் தொற்றிக்கொள்கிறார். கடைசியில் விளம்பரத்துக்கும் வாழ்த்து அட்டைக்கும் வந்து சேரும்போது, அதைத் தொடங்கிவைத்த இளைஞர்களே அதைக் கைவிட்டிருப்பார்கள். எனவே சொல்லை எதிர்த்துப் போராட வேண்டாம்; அது தானாகப் போய்விடும். ‘வேற லெவல்’ என்று உங்களிடம் ஒருவர் சொல்லும்போது, ‘அதில் உங்களுக்குப் பிடித்தது எது?’ என்று உண்மையான ஆர்வத்தோடு கேளுங்கள். பெரும்பாலானவர்களுக்குச் சொல்ல ஏதோ ஒன்று இருக்கிறது. யாரும் கேட்காததால் அதைச் சொல்லிப் பழகவில்லை.

கேள்வி: பிறந்தநாள் செய்தி ஒவ்வொன்றின் கீழும் ‘வாழ்த்துகள்’தான் சரி, ‘வாழ்த்துக்கள்’ என்றால் கள் குடிக்கச் சொல்வதாகிவிடும் என்று யாராவது வந்து திருத்துகிறார்கள். எது சரி?

பதில்: ‘வாழ்த்து’ வன்தொடர்க் குற்றியலுகரச் சொல்; அதாவது, வல்லின மெய்யை அடுத்துக் குறுகி ஒலிக்கும் உகரத்தில் முடிவது. அத்தகைய சொல்லின் முன் வல்லினம் மிகும் என்பது விதி. ‘எழுத்துப் பிழை’, ‘பாட்டுப் புத்தகம்’ என்று ஒற்று மிகுத்து எழுதுகிறோம். ‘வாழ்த்துக்கள்’ என்று எழுதுவோர் இந்த விதியைக் காட்டுகிறார்கள். ஆனால் அவ்விதி இரண்டு சொற்கள் சேரும்போது வருவது என்றும், ‘கள்’ தனிச்சொல் அன்று, பன்மை விகுதி என்றும், அதனால் ஒற்று மிக வேண்டியதில்லை என்றும் மற்றவர்கள் கூறுகிறார்கள். இன்றைய பாடநூல்கள் பெரும்பாலும் ‘எழுத்துகள்’, ‘வாழ்த்துகள்’ என்றே எழுதுகின்றன; நானும் அப்படியே எழுதுகிறேன். பழைய இலக்கண உரைகளின் பதிப்புகளில் ‘எழுத்துக்கள்’ என்ற வடிவமும் இருக்கிறது. ‘நாள்கள்’, ‘நாட்கள்’ வழக்கும் இதே தன்மையது. ஒன்றைத் தேர்ந்துகொண்டு, ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் எழுதினால் போதும்.

கள் குடிக்கச் சொல்வதாகிவிடும் என்ற வாதத்தை மட்டும் விட்டுவிடுங்கள். வாழ்த்துப் பெற்றவர் எவரும் அப்படிப் படித்ததில்லை. மேலும் ‘கள்’ விகுதியின் வரலாறு, விதிக் கண்டிப்புக்கு ஒத்துழைப்பதாகவும் இல்லை. தொல்காப்பியம் அதை அஃறிணைப் பெயருக்குரிய பன்மையாகக் கூறுகிறது. ‘அவர்’ என்பதே அக்காலத்தில் பலர்பால் சொல். பின்னர் ‘அவர்’ ஒருவரைக் குறிக்கும் மரியாதைச் சொல்லாகவும் வழங்கத் தொடங்கியதும், பலரைக் குறிக்க அதன்மேல் அஃறிணை விகுதியை ஏற்றி ‘அவர்கள்’ என்று நம் முன்னோர் சொல்லத் தொடங்கினார்கள். பழைய கணக்கில் பிழையாக இருந்த ஒன்று இன்று எழுத்துத் தமிழின் முதன்மையான பன்மைச் சொல். வாழ்த்துச் சொன்னவரைப் பலர் அறியத் தலைகுனியச் செய்வது, கூடுதலாக ஓர் ஒற்று எழுதுவதைக் காட்டிலும் பெரிய பிழை.

கேள்வி: அப்படியானால் எதையுமே பிழை என்று சொல்ல முடியாதா? ‘சுவற்றில் எழுதாதே’, ‘பள்ளிக்கு அருகாமையில்’, ‘தலைவரை நினைவு கூறுவோம்’, ‘முயற்சித்தார்’ ஆகியவற்றை நாள்தோறும் பார்க்கிறேன். இவற்றையும் காலம் ஏற்றுக்கொள்ளும் என்று விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடக் கூடாது. இவற்றுள் ஒவ்வொன்றையும் காரணத்தோடு திருத்த முடியும். காரணம் தெரிந்தவர் மறுபடி தவறுவதில்லை.

கிணறு, வயிறு, ஆறு என ‘று’வில் முடியும் சொற்கள் வேற்றுமை ஏற்கும்போது கிணற்றில், வயிற்றில், ஆற்றில் என்று வரும். ‘சுவர்’ அந்த இனத்தைச் சேர்ந்தது அன்று. வேர் வேரில் ஆவதுபோல, தேர் தேரில் ஆவதுபோல, சுவர் ‘சுவரில்’ என்றுதான் ஆகும். ‘முயற்சித்தார்’ என்பதை உணர்த்த இன்னும் எளிய வழி உண்டு. பயில் என்ற வினையிலிருந்து பயிற்சி பிறந்தது. முயல் என்ற வினையிலிருந்து முயற்சி பிறந்தது. ‘பயிற்சித்தார்’ என்று யாரும் சொல்வதில்லை, ‘பயின்றார்’ என்கிறோம். அதுபோல ‘முயன்றார்’ என்போம், அல்லது ‘முயற்சி செய்தார்’ என்போம்.

‘கூர்தல்’ என்றால் மிகுதல். அன்புகூர்ந்து, அருள்கூர்ந்து என்னும் தொடர்களில் உள்ள அதே சொல்தான் ‘நினைவுகூர்தல்’ என்பதிலும் இருக்கிறது. நினைவு நம்முள் பெருகுவதைச் சொல்லும் அழகான தொடர் அது. வல்லின றகரம் இட்டுக் ‘கூறுவோம்’ என்றால், வாய்விட்டுச் சொல்வோம் என்று மட்டும் பொருள்படும். அஞ்சலிச் சுவரொட்டிகளில் இந்தப் பிழையைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் வாடுகிறது. இறந்தவரை நெஞ்சில் நிறைக்க எண்ணியவர்களுக்கு அதற்குரிய சொல் கிடைக்காமல் போய்விட்டதே என்று தோன்றும்.

‘அருகாமை’ சற்றுச் சிக்கலானது. கல்லாமை, அறியாமை, பொறாமை என்பன எதிர்மறைப் பெயர்கள். அருகுதல் என்றால் குறைதல் என்பதால், ‘அருகாமை’ என்பது குறையாமை என்றே பொருள்படும் என்று இலக்கணம் அறிந்தோர் சொல்வது சரியே. ஆயினும் பேச்சில் அது ஆழ ஊன்றிவிட்டது. பேசும்போது நான் யாரையும் திருத்துவதில்லை. அச்சுக்குப் போகும் எழுத்தில் மட்டும் ‘அருகில்’ அல்லது ‘அண்மையில்’ என்று மாற்றிவிடுகிறேன். எழுத்து மாறிப் பிழையாவன இன்னும் பல: ஆவன செய்யுமாறு கேட்க வேண்டிய விண்ணப்பத்தில் ‘ஆவண செய்யுமாறு’ என்று கேட்கிறார்கள், மூன்று நூறாகிய ‘முந்நூறு’, முன்னால் வந்த நூறாகிய ‘முன்னூறு’ ஆகிவிடுகிறது, பதறு என்பதிலிருந்து வந்த ‘பதற்றம்’ தன் றகரத்தை இழந்து ‘பதட்டம்’ என்று நிற்கிறது.

ஒற்றுப் பிழையைச் சிறிது என்று எண்ணுவோருக்கு ஒரு சான்று. ‘தந்த பலகை’ என்றால் ஒருவர் கொடுத்த பலகை. ‘தந்தப் பலகை’ என்றால் யானைத் தந்தத்தால் ஆன பலகை. இடையில் உள்ள ஒற்றைப் புள்ளியெழுத்துத்தான் இரண்டையும் பிரிக்கிறது.

கேள்வி: ‘ஒவ்வொரு மாணவர்களும் வர வேண்டும்’ என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கிறார்கள். சரியா?

பதில்: சரியன்று. ‘ஒவ்வொரு’ ஒருமையையே ஏற்கும். ‘ஒவ்வொரு மாணவரும் வர வேண்டும்’ என்றோ, ‘மாணவர்கள் அனைவரும் வர வேண்டும்’ என்றோ எழுதலாம்.

கேள்வி: நான் கல்லூரியில் படிக்கிறேன். ‘வெயிட் பண்ணு’, ‘கால் பண்ணு’ என்று நாங்கள் பேசுவதைப் பெரியவர்கள் எப்போதும் கண்டிக்கிறார்கள். ‘பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல’ என்று நன்னூலே சொல்லவில்லையா?

பதில்: சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய அந்த நூற்பாவின் முழு வடிவம் ‘பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல கால வகையினானே’ என்பது. ‘வழுவல’ என்றால் பிழையல்ல. அவருக்கு முன்பே தொல்காப்பியர் ‘கடிசொல் இல்லைக் காலத்துப் படினே’ என்றார். காலத்தோடு பொருந்தி வரும் சொல்லை விலக்க வேண்டாம் என்பது அதன் கருத்து. உங்கள் பக்கம் இரண்டு பெரிய சான்றுகள் இருக்கின்றன என்பதை மறுக்க மாட்டேன். இன்னும் ஒன்றையும் சேர்த்தே தருகிறேன்: பிறமொழிச் சொல்லோடு ‘பண்ணு’ என்பதை ஒட்டி வினையாக்குவது நீங்கள் கண்டுபிடித்த முறையும் அன்று. தானம் பண்ணு, பூசை பண்ணு, கல்யாணம் பண்ணு என்று வடமொழிப் பெயர்களோடு அதை நெடுங்காலமாகச் சேர்த்துவந்திருக்கிறோம். வேற்றுமொழிச் சொல் பெரும்பாலும் தமிழின் கால இடைநிலைகளை நேரடியாக ஏற்பதில்லை. அதனால் அதைத் தாங்க ஒரு தமிழ் வினை தேவைப்படுகிறது.

ஆனால் அதே நன்னூல், திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு ஆகிய ஏழும் பிறழ்ந்தால் வழு என்றும் சொல்கிறது. பிறழ்ந்தாலும் தக்க காரணம் இருந்தால் ஏற்கலாம் என்று வழுவமைதிக்கும் இடம் தருகிறது. ஆகவே உங்கள் முன் உள்ள கேள்வி, புதியது புகலாமா என்பதன்று. புகுந்த புதியதால் எது வெளியேறுகிறது என்பதே.

மேசை, சாவி, அலமாரி, ஜன்னல் ஆகிய சொற்கள் போர்ச்சுகீசியத்திலிருந்து வந்தவை. வசூல், பாக்கி, வக்கீல் ஆகியவை அரபிச் சொற்களாகப் பிறந்து நம்மிடம் வந்தவை. பொருளும் முறையும் வந்தபோது பெயரும் கூடவே வந்தது, யாருக்கும் இழப்பில்லை. ‘வெயிட் பண்ணு’ அப்படிப்பட்டதா என்று பாருங்கள். காத்திரு, பொறு, நில், இரு, தாமதி என்று ஐந்து சொற்கள் நம்மிடம் உண்டு. அன்புக்குரியவருக்காகக் காத்திருப்பதும், அவசரப்படுகிறவரைப் பொறுக்கச் சொல்வதும், தெருவைக் கடக்கும் குழந்தையை நிற்கச் சொல்வதும் மூன்று வேறு செயல்கள். ‘வெயிட்’ என்பது மூன்றையும் ஒன்றாக்கிவிடுகிறது. ‘மிஸ் பண்ணு’ இன்னும் மோசம். வண்டியைத் தவறவிடுவதும், பொருளைத் தொலைப்பதும், ஒருவரைப் பிரிந்து ஏங்குவதும் ஒரே சொல்லுக்குள் அடைபட்டுவிட்டன. பிரிவாற்றாமையைப் பாடவே பாலை என்று தனித்திணை வகுத்த மொழியில், ஏங்குகிறேன் என்று சொல்ல ஒருவருக்குச் சொல் வராமல் நிற்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

தமிழின் செல்வம் பெரும்பாலும் அதன் வினைகளில் இருக்கிறது. ஆடையை நெய்கிறோம், பானையை வனைகிறோம், கூடையை முடைகிறோம், மாலையைத் தொடுக்கிறோம், முத்தைக் கோக்கிறோம், ஓவியத்தை வரைகிறோம். குயில் கூவுகிறது, மயில் அகவுகிறது, காகம் கரைகிறது, ஆந்தை அலறுகிறது. இவை மனப்பாடம் செய்வதற்காக வகுத்த பட்டியல் அல்ல. கையின் அசைவையும் ஒலியின் தன்மையையும் நுணுகிப் பார்த்தவர்கள் விட்டுச் சென்ற கவனிப்பு. எல்லாவற்றுக்கும் ‘பண்ணு’ என்று பழகிய பிறகு, வனைவதற்கும் முடைவதற்கும் இடையில் உள்ள வேறுபாட்டைப் பார்க்கும் கண்ணும் மெல்ல மங்கிவிடும் என்பதே என் அச்சம்.

‘கால் பண்ணு’ என்பதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தமில்லை. ‘கூப்பிடு’ என்பது அதைவிடச் சிறியதாகவும் அன்பாகவும் இருப்பதால், பயன்படுத்திப் பாருங்கள் என்று மட்டும் சொல்வேன்.

கேள்வி: செய்தியின் கடைசி வரியில் ‘என்பது குறிப்பிடத்தக்கது’ என்று ஏன் எழுதுகிறார்கள்? செய்தித் தமிழில் உங்களை உறுத்துவது வேறு என்ன?

பதில்: குறிப்பிடத்தக்கது அல்லாததை எழுத மாட்டார்கள் அல்லவா? ஆகவே அந்தத் தொடர் அங்கே எந்த வேலையும் செய்யவில்லை. செய்தியை முடிக்கும் ஓசையாக மட்டுமே அது நிற்கிறது. ‘ஆய்வு மேற்கொண்டார்’ என்றால் ஆராய்ந்தார். ‘விசாரணை மேற்கொண்டு வருகின்றனர்’ என்றால் விசாரிக்கின்றனர். இவை நீளத்தைக் கூட்டுகின்றன, தீங்கு செய்வதில்லை.

தீங்கு செய்வது செயப்பாட்டு வினை. ‘மரங்கள் வெட்டப்பட்டன’, ‘குடிசைகள் அகற்றப்பட்டன’, ‘கட்டணம் உயர்த்தப்பட்டது’ என்று எழுதும்போது, வெட்டியவரும் அகற்றியவரும் உயர்த்தியவரும் வாக்கியத்திலிருந்து மறைந்துவிடுகிறார்கள். தமிழின் இயல்பான நடை செய்தவரை முன்னே நிறுத்திச் செயலைப் பின்னே சொல்வது. செய்தவர் யார் என்று தெரிந்தும் அவரை மறைத்து எழுதுவதை மொழிப் பிழை என்று மட்டும் சொல்லி நான் ஆறுதலடைய மாட்டேன். அது செய்தியின் கடமையிலிருந்து விலகுவது.

மற்றொன்று, துயரச் செய்திகளின் முடிவில் வரும் ‘இச்சம்பவம் அப்பகுதியில் பெரும் சோகத்தை ஏற்படுத்தியுள்ளது’ என்ற வாக்கியம். எவர் இறந்தாலும் எப்படி இறந்தாலும் அதே வாக்கியம் வருவதால், இறந்தவர் தனி மனிதராக நம் மனத்தில் நிற்பதில்லை. அவர் என்ன வேலை செய்தார், யாரைக் காத்துவந்தார் என்று ஒரே ஒரு விவரம் இருந்தால், சோகம் என்ற சொல்லே தேவைப்படாது. இணையச் செய்திகளின் தலைப்புகள் இதைவிடக் கொடுமையானவை. ‘பிரபல நடிகர் மரணம்’ என்று பெயரை மறைத்து எழுதி, யாரோ எவரோ என்று வாசகர் பதறித் தொட்டுப் பார்ப்பதை வருவாயாக்கும் வழக்கத்தை எந்தக் காரணத்தாலும் ஏற்க முடியாது. அத்தகைய தலைப்புகளைத் தொடாமல் கடந்து செல்லுங்கள். தொடுவோர் எண்ணிக்கையே அவற்றை உயிரோடு வைத்திருக்கிறது.

கேள்வி: தொகுப்பாளர்களும் பாடகர்களும் ‘தமிழ்’ என்பதையே ‘தமில்’ என்றும் ‘தமிள்’ என்றும் சொல்கிறார்கள். நாகரிகம் என்று எண்ணிச் செய்கிறார்களா?

பதில்: நோக்கத்தைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்; பயிற்சியின்மையைப் பற்றிச் சொல்வேன். ‘நுனிநா அணரி அண்ணம் வருட’ என்று தொல்காப்பியம் ழகரம் பிறக்கும் முறையைத் தெளிவாகச் சொல்லிவைத்திருக்கிறது. நாக்கின் நுனியை மேல்நோக்கி வளைத்து, மேலண்ணத்தை ஒட்டாமல் தடவினால் ழகரம் வரும். அண்ணத்தில் ஒட்டிவிட்டால் ளகரமாகிவிடும். கண்ணாடியின் முன் நின்று ‘வாழை’, ‘மழை’, ‘ஏழு’ என்று மெதுவாகச் சொல்லிப் பழகினால் பெரும்பாலோருக்கு வந்துவிடும்.

இதில் ஒரு வேறுபாட்டை வலியுறுத்த வேண்டும். வட்டாரப் பேச்சுகள் பலவற்றில் ழகரம் வேறு ஒலியாக இயல்பாகவே திரிந்திருக்கிறது. அப்படிப் பேசி வளர்ந்த ஒருவரை, ஒலிப்பைக் காட்டி ஏளனம் செய்வது பண்பாகாது. அது அவர் தாய் அவருக்குத் தந்த பேச்சு. ஆனால் ஒலிவாங்கியைக் கையிலெடுத்துப் பேசுவதையும் பாடுவதையும் தொழிலாகக் கொண்டவர், அத்தொழிலின் கருவியைத் தீட்டிக்கொள்ளக் கடமைப்பட்டவர். வலி, வளி, வழி மூன்றையும் ஒரே ஒலியாகப் பாடினால், பாட்டை எழுதியவரின் பொருள் கேட்பவரைச் சென்றடையாது.

கேள்வி: அலைபேசியில் தமிழை ஆங்கில எழுத்துகளில் எழுதுவதைப் படிக்க முடியவில்லை.

பதில்: உங்கள் கண்ணில் குறையில்லை. ஆங்கில எழுத்தில் குறிலும் நெடிலும் பிரிவதில்லை. ல, ள, ழ பிரிவதில்லை. ர, ற பிரிவதில்லை. பல்லா, பாலா, மரமா, மறமா என்று ஊகித்தே படிக்க வேண்டியிருக்கிறது. தமிழ் எழுத்துகள் 1991இலேயே ஒருங்குறியில் (யூனிகோட்) இடம்பெற்றுவிட்டன. இன்றைய அலைபேசிகளில் தமிழ் விசைப்பலகையும் உண்டு, பேசினால் எழுதிக்கொள்ளும் வசதியும் உண்டு. தமிழில் எழுதியவருக்குத் தமிழில் விடை எழுதுவது ஒரு மரியாதையாக நம்மிடையே வளர வேண்டும் என்று விரும்புகிறேன்.

கேள்வி: பிராங்க் என்ற பெயரில் தெருவில் போகிறவர்களைப் பதறவைத்துப் படமெடுக்கிறார்கள். உடல்தோற்றத்தைக் கேலி செய்யும் நகைச்சுவை வசனங்களைக் குழந்தைகளும் சொல்கிறார்கள். சிரிக்காவிட்டால் நம்மைத்தான் குறை சொல்கிறார்கள்.

பதில்: நீங்கள் சிரிக்காதது குறையன்று. இக்கடிதத்தை எரிச்சல் என்ற தலைப்பின் கீழ் வைக்கவே எனக்குத் தயக்கமாக இருந்தது, ஏனெனில் இதில் காயப்படுகிறவர் ஒருவர் இருக்கிறார். வேலைக்கு விரைகிற ஒருவரை, அவர் அனுமதியின்றி அச்சுறுத்தி, அவர் முகம் கோணும் நொடியைப் பலர் பார்க்கப் பரப்புவது வேடிக்கையாகாது. இருவரும் சேர்ந்து சிரிப்பதற்குத்தான் வேடிக்கை என்று பெயர். முடிவில் ‘சும்மாதான் செய்தோம்’ என்று சொல்லிக் கைகுலுக்குவதால் அவருடைய அச்சம் திரும்பிப் போய்விடுவதில்லை. கேமரா முன் சிரிக்கும்படி அவரை நெருக்குவது இரண்டாவது வன்முறை.

கேலி வசனங்களைப் பற்றி இன்னும் கூறுவேன். நிறம், பருமன், வழுக்கை, திக்குவாய், காது கேளாமை ஆகியவற்றை நகைச்சுவையாக்குவது நம் திரையில் நெடுங்காலமாகத் தொடர்ந்த வழக்கம். அக்காட்சிகள் துண்டு துண்டாகி மீம்களாக வலம்வருவதால், கதையோடு முடிந்திருக்க வேண்டிய ஏளனம் முடிவின்றித் தொடர்கிறது. ‘ஊனமுற்றோர்’ என்று அரசு ஆவணங்களில் இருந்த சொல் ‘மாற்றுத்திறனாளிகள்’ என்று மாறியது. ‘திருநங்கை’ என்ற சொல் பழைய இழிசொற்களின் இடத்தைப் பிடித்தது. இவை கண்ணியத்தை விரும்பியவர்கள் முயன்று பெற்ற மாற்றங்கள். அலுவலகத்தில் ‘மாற்றுத்திறனாளி’ என்று எழுதிவிட்டு, மாலையில் ‘செவிடா, காதில் விழவில்லையா?’ என்று வீட்டில் கத்தினால், குழந்தை இரண்டாவது சொல்லைத்தான் கற்றுக்கொள்ளும். குழந்தை அவ்வசனத்தைச் சொல்லும்போது கூடியிருப்பவர்கள் சிரிக்காமல் இருப்பதும், பின்னர் தனியே அழைத்து அச்சொல் யாரை வருத்தும் என்று விளக்குவதும் போதுமானவை.

கேள்வி: திருவள்ளுவரும் பாரதியாரும் அப்துல் கலாமும் சொன்னதாகத் தினமும் ஏதேதோ பொன்மொழிகள் வருகின்றன. உண்மையா என்று எப்படி அறிவது?

பதில்: குறளைச் சோதிப்பது எளிது. அது இரண்டடியில் ஏழு சீர்கள் கொண்டது. முதலடியில் நான்கு, இரண்டாமடியில் மூன்று. 1330 குறள்களில் எங்கும் ‘தமிழ்’ என்ற சொல் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். தமிழைப் புகழும் ‘குறள்’ ஒன்று உங்களுக்கு வந்தால் அது திருவள்ளுவருடையது அன்று. பாரதியார் 1921இல் மறைந்தார். அவருடைய பாடல்கள் நாட்டுடைமையாகி எங்கும் கிடைக்கின்றன. தன்னம்பிக்கைப் பயிற்சி வகுப்பின் நடையில் அவர் பெயரோடு ஒரு வரி வந்தால், அவர் நூலில் தேடிப் பார்த்த பிறகே பகிருங்கள். நூற்பெயர், பாடற்பெயர், பேசிய இடம் என எதுவுமின்றி ஒருவர் படத்தை மட்டும் ஒட்டி வரும் மொழிகளை நான் பகிர்வதேயில்லை. உலகின் எல்லாச் சொற்களையும் தமிழிலிருந்து பிறந்ததாகக் காட்டும் செய்திகளுக்கும் இதையே சொல்வேன். தமிழின் தொன்மைக்கு உறுதியான சான்றுகள் ஏராளம் இருக்கும்போது, பொய்யை அதன்மேல் சாத்துவது உண்மையான சான்றுகளையும் மற்றவர் ஐயுறச் செய்துவிடும்.

கேள்வி: பிழையைக் கண்டால் என்னால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உறவினர்கள் மனம் வருந்துகிறார்கள். என்ன செய்வது?

பதில்: பேச்சில் திருத்தாதீர்கள், நீங்கள் பேசும்போது சரியான வடிவத்தைச் சொல்லுங்கள். அவர் ‘சுவற்றில்’ என்றால், உங்கள் விடையில் ‘சுவரில்’ என்பது இயல்பாக வரட்டும். குடும்பக் குழுவில் எல்லாரும் பார்க்க எழுதாமல், தேவையானால் தனிச்செய்தியாக அனுப்புங்கள். கடைப்பலகையில் பிழை இருந்தால், வாடிக்கையாளர் இல்லாத வேளையில் உரிமையாளரிடம் மெதுவாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் எழுதியவர் வேறொருவராக இருப்பார், உரிமையாளர் நன்றி சொல்வார். வீட்டில் திருமண அழைப்பிதழோ நினைவஞ்சலி அட்டையோ அச்சாகப்போகிறது என்று தெரிந்தால், அச்சகத்துக்குப் போகும் முன் அதைக் கேட்டு வாங்கிப் படித்துத் திருத்திக் கொடுங்கள். அச்சாகி வந்த பிறகு அதிலுள்ள பிழையைப் பற்றி யாரிடமும் பேச வேண்டாம்.